பீக் கேப் ஏன் தொங்கிப்போகிறது? செக்யூரிட்டி தொப்பி வாங்குவது பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். பெங்களூரு அல்சூர் பக்கம் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. செக்யூரிட்டிகள் 14 பேர். பகலில் ஏழு பேர், இரவில் ஏழு பேர். ஜூன் மாதம் எட்டு பீக் கேப் வாங்கினீர்கள். எல்லாம் 'ஃப்ரீ சைஸ்', காக்கித் துணி, சிவப்புப் பட்டை. மழை ஓய்வதற்குள் ஆறு தொப்பிகளின் மேல்வட்டம் ஆறிப்போன ஆப்பம் மாதிரி சரிந்துவிட்டது. இரண்டில் பீக், அதாவது கண்ணுக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, நெளிந்துவிட்டது. ஆட்கள் தலைவலி என்று கழற்றி நாற்காலியில் வைக்கிறார்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதற்காக அவர்களுக்குத் திட்டு விழுகிறது. 'எந்தத் துணியில், எந்தக் கடையில் வாங்கினால் ராணுவ அதிகாரிகள் தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும்?' என்று கேட்டு, தொப்பிகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள்.

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தொப்பிகளில் ஒன்று வருடக்கணக்கில் நிற்கிறது, இன்னொன்று மூன்றே மாதத்தில் விழுகிறது, ஏன் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அதில் துணியின் பங்கு கொஞ்சம்தான். பீக் கேப்பின் வடிவத்தைத் தாங்குவது வெளியே தெரியாத நாலைந்து பாகங்கள். அது தலையில் தங்குவதும் தங்காததும் ஒரு சென்டிமீட்டர் அளவு வித்தியாசத்தில் இருக்கிறது. உங்கள் சங்கம் அதைத் துண்டு, குடை போலப் பொதுப் பொருளாக வாங்கியிருக்கிறது. ஷூ மாதிரி ஆளுக்கு ஒன்று என்று அளவெடுத்து வாங்க வேண்டிய பொருள் அது. தலைவலி என்று சொல்லும் அந்த ஆட்கள் சாக்குச் சொல்லவில்லை என்பதை முதலில் சங்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பீக் கேப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? மேலே தட்டையான வட்டத் துண்டு. அதன் விளிம்பிலிருந்து தலையை நோக்கிச் சரிந்து இறங்கும் நான்கு பக்கத் துண்டுகள். அவை வந்து சேரும் இடத்தில், தலையைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் பட்டை. பெரும்பாலும் நாலு, நாலரை சென்டிமீட்டர் உயரம். பட்டையின் முன்பக்கம் பீக். அதற்கு மேலே இரண்டு பக்கமும் பொத்தான் போட்ட தாடைவார். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை: மேல்வட்டத்தின் விளிம்புத் தையலுக்குள் சுற்றி ஓடும் ஸ்பிரிங் கம்பி, பேட்ஜுக்குப் பின்னால் செங்குத்தாக நின்று முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் முட்டுத்தகடு, பட்டைக்குள் இருக்கும் விறைப்பு அட்டை அல்லது பிளாஸ்டிக் தகடு, நெற்றியில் படும் வியர்வைப் பட்டை, உச்சியில் எண்ணெயும் வியர்வையும் துணியில் ஏறாமல் இருக்க லைனிங்மேல் தைத்த கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் துண்டு. காற்றுக்காகப் பக்கத் துண்டுகளில் சின்னக் கண் துளைகள் இருக்கும். மலிவுத் தொப்பியில் முதலில் காணாமல் போவது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாகங்கள்தான். காக்கித் துணியும் பளபளக்கும் தாடைவாரும் மட்டும் குறையாமல் இருக்கும்.

கம்பிதான் வடிவம் என்பதற்கு இந்தத் தொப்பியின் வரலாறே நல்ல சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய, பிரஷ்யப் படைகளில் இது மென்மையான துணித் தொப்பியாகத்தான் பிறந்தது. அணிவகுப்புக்கு உயரமான, கனமான தொப்பி தனியாக இருந்தது. குதிரைக்குத் தீவனம் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு இந்தத் துணித் தொப்பி. ரஷ்ய மொழியில் இன்றும் இதன் பெயர் 'ஃபுராஷ்கா', அதாவது தீவனத் தொப்பி. விறைப்பு பிறகு சேர்ந்தது. 1905-இல் பிரிட்டிஷ் தரைப்படை இதைப் பொதுத் தொப்பியாக ஏற்றபோது கம்பி வைத்த விறைப்பான வடிவம் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குப் போன சிப்பாய்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தக் கம்பியை உருவி எறிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையினர் தொப்பிக்கு மேலேயே ஹெட்ஃபோன் மாட்ட வேண்டியிருந்ததால் அவர்களும் கம்பியை எடுத்தார்கள். தொப்பி இரண்டு பக்கமும் காது மாதிரி தொங்கியது, அதுவே அனுபவசாலி விமானியின் அடையாளமாகவும் ஆனது. உங்கள் ஆறு தொப்பிகளும் அந்த விமானிகளின் தொப்பி நிலையில்தான் இருக்கின்றன. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்; உங்களுக்குத் தயாரித்தவர் செய்து கொடுத்திருக்கிறார்.

தொப்பியைக் கையில் எடுக்காமல் காரணத்தை அறுதியிட முடியாது. நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேல்வட்டத்தின் விளிம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு சுற்று தடவுங்கள். கம்பியே கையில் தட்டுப்படவில்லை என்றால் ஓரத்தில் பைப்பிங் கயிற்றை மட்டும் வைத்து விறைப்பாகக் காட்டியிருக்கிறார்கள். புதிதில் கஞ்சி போட்ட பக்ரம் துணி அந்த விறைப்பைத் தரும். முதல் பெரிய மழையில் கஞ்சி கரைந்ததும் சரிந்துவிடும். கம்பி இருந்தும் அங்கங்கே கோணலாகத் தட்டுப்பட்டால், அது கட்டுக்கம்பி. கட்டுக்கம்பிக்கு மடங்கிய இடத்திலேயே நின்றுவிடும் குணம். பஸ்ஸில் ஒரு முறை நசுங்கினால் திரும்பாது. ஸ்பிரிங் கம்பி எவ்வளவு நசுக்கினாலும் வட்டத்துக்கே திரும்பும். ஓரத்தில் பழுப்புக் கறை ஊறியிருந்தால் பூச்சு இல்லாத இரும்பு, துரு துணிக்கு வந்துவிட்டது. சுற்று முழுக்க ஒழுங்காக இருந்தும் முன்பக்கம் மட்டும் பேட்ஜோடு சேர்ந்து குனிந்தால் குற்றம் முட்டுத்தகட்டில். பட்டையே தொளதொளவென்று மடிந்தால் உள்ளே காகித அட்டை, ஊறிப்போய்விட்டது. உங்கள் படத்தில் நிற்கும் கோணத்தை வைத்துச் சொன்னால், நான்கு தொப்பிகளில் கம்பி இல்லை என்பது ஏறக்குறைய நிச்சயம். மற்ற இரண்டு கட்டுக்கம்பியாக இருக்கலாம். அது வெறும் ஊகம், தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேல்வட்டம் சரிந்த தொப்பிகளைக் காப்பாற்றலாம். பீக் நெளிந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். ரெக்சின் ஒட்டிய அட்டை ஊறினால் காய்ந்த பிறகும் அடுக்கடுக்காகப் பிரியும், ஒட்டினாலும் நிற்காது. மற்றவற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில், பிளாஸ்டிக் பூச்சுள்ள ஸ்பிரிங் கம்பி வேண்டும். தொப்பியைக் கவிழ்த்து, லைனிங்கின் பின்பக்கத் தையலை ஆறு சென்டிமீட்டர் பிரியுங்கள். டேப்பை உள்ளே விட்டு மேல்வட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி அளக்க வேண்டும். வட்டம் குறுக்கே 26 செ.மீ. என்றால் சுற்று ஏறத்தாழ 82 செ.மீ. வரும். வெளிப்பக்கம் அளந்தால் கம்பி நீளமாகிவிடும். கம்பியை வெட்டி, இரு நுனியையும் ஒரு சின்னப் பித்தளைக் குழாய்த் துண்டுக்குள் எதிரெதிராக முட்டவிட்டு, குழாயைக் குறடால் நெரித்து, மேலே துணி டேப் சுற்றுங்கள். இந்த இணைப்பில் சோம்பல் கூடாது. நுனி நழுவினால் தையலைக் குத்திக்கொண்டு வெளியே வரும், பக்கத்தில் நிற்பவர் கண் உயரத்தில் இருக்கும். வளையத்தை நீள்வட்டமாக அமுக்கி உள்ளே விட்டு விரித்து, இணைப்பு பின்பக்கம் வரும்படி திருப்பி, விளிம்புத் தையலுக்குள் உட்கார வையுங்கள். மேல்வட்டத்தின் ஓரம் தட்டு மாதிரி மேலே எழும்பினால் கம்பி நீளம். ஒவ்வொரு முறையும் ஐந்து மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்துப் பாருங்கள். துணியில் சுருக்கம் நின்றால் கம்பி குட்டை. அதை நீட்ட வழியில்லை, புதிதாக வெட்ட வேண்டும். இதனால்தான் முதல் வெட்டைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

முட்டுத்தகட்டுக்கு இரண்டு செ.மீ. அகலத்தில், ஏழெட்டு செ.மீ. உயரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு போதும். எண்ணெய் கேனின் தட்டையான பக்கம் நன்றாக வேலை செய்யும். மூலைகளை உருட்டி வெட்டி, கீழ்முனை வியர்வைப் பட்டைக்குப் பின்னாலும் மேல்முனை கம்பிக்கு அடியிலும் நிற்கும்படி வைத்து, கீழே இரண்டு தையல் போடுங்கள். பேட்ஜ் கனமான பித்தளையாக இருந்தால் எந்தத் தகடும் நாளடைவில் குனியும். அலுமினிய பேட்ஜுக்கு மாறுங்கள். பேட்ஜின் திருகு உள்பக்கம் நெற்றியில் அழுத்தும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ரெக்சின் வெட்டி ஒட்டிவிடுங்கள். சொல்லப்படும் தலைவலிகளில் ஒரு பகுதி இந்தத் திருகால் வருவது.

மீதித் தலைவலி அளவால். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல தொப்பி வாங்கினாலும் இங்கே தவறினால் மறுபடி நாற்காலிக்குத்தான் போகும். 'ஃப்ரீ சைஸ்' என்பது பின்னால் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கிய 58 அல்லது 59 அளவுத் தொப்பி. சிறிய தலையில் எலாஸ்டிக் பின்னாலிருந்து இழுக்க, விறைப்பான பட்டை முழு அழுத்தத்தையும் நெற்றியின் ஒரே கோட்டில் இறக்குகிறது. பெரிய தலையில் எலாஸ்டிக் நாள் முழுக்க இழுபட்டே இருக்கிறது. இரண்டிலும் பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வளர்ந்த ஆண்களின் தலைச் சுற்று பெரும்பாலும் 54-இலிருந்து 60 செ.மீ. வரை. அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் வந்த 14 பேர் ஒரு வாசலில் நிற்கும்போது அவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

அளக்கும் விதம்: தையல் டேப்பைக் காதுக்கு ஒரு விரல் மேலே, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். இரண்டு முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். 56.5 வந்தால் 57 வாங்குங்கள். பெரிதாக இருப்பதைக் குறைக்கலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது. கடைக்காரர் 7, ஏழே கால் என்று பழைய அளவு சொன்னால், பிரிட்டிஷ் கணக்கில் 7 என்பது 57 செ.மீ.; அரைக்கால் ஏற ஏற ஒரு செ.மீ. கூடும். அமெரிக்கக் கணக்கில் அதே 57-க்கு ஏழே அரைக்கால் என்று போட்டிருக்கும். குழப்பம் வேண்டாம் என்றால் சென்டிமீட்டர் மட்டுமே பேசுங்கள். போட்டுப் பார்க்கும்போது, பொட்டுப் பக்கம், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், ஒரு விரல் சற்று சிரமத்தோடு நுழைய வேண்டும். குனிந்து தலையை ஆட்டினால் விழக் கூடாது. பத்து நிமிடம் கழித்துக் கழற்றினால் நெற்றியில் சிவப்புக் கோடு இருக்கக் கூடாது. பீக்கின் கீழ்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே, தொப்பி மட்டமாக. பின்னால் தள்ளிப் போட்டால் பட்டை பின்கழுத்தில் உறுத்தும், முன்னால் இழுத்தால் வரும் காரின் நம்பர் பிளேட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்த வேண்டும்.

தொப்பி தளர்வாக இருந்தால் வியர்வைப் பட்டைக்குப் பின்னால் ஃபெல்ட் அல்லது ஸ்பாஞ்ச் பட்டி செருகலாம். கணக்கு எளிது: சுற்று முழுக்க இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் செருகினால் உள்சுற்று சுமார் 12 மில்லிமீட்டர் குறையும். ஸ்பாஞ்ச் அமுங்குவதால் நடைமுறையில் ஒரு அளவு குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அரை அளவு போதும் என்றால் இரண்டு பொட்டுப் பக்கமும் மட்டும் வையுங்கள். நெற்றி மத்தியில் தனியாக வைத்தால் அழுத்தம் மறுபடி ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டு ஷிஃப்டுக்கு ஒரே தொப்பியைக் கைமாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். பேன், படர்தாமரைப் பூஞ்சை என்று பரவ வழி. அதைவிட, இன்னொருவர் வியர்வையில் ஈரமான பட்டையை நெற்றியில் வைக்கச் சொல்வது ஒரு மனிதரிடம் கேட்கக் கூடாத காரியம். ரெக்சின் வியர்வைப் பட்டை எதையும் உறிஞ்சாது, வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கும். அதன்மேல் மடித்துத் தைத்த பருத்திப் பட்டி ஒன்றை வெல்க்ரோ போட்டு மாட்டினால் வாரம் இரண்டு முறை துவைக்கலாம். ஆளுக்கு மூன்று பட்டி தைத்துக் கொடுங்கள். எந்தத் தையல் கடையிலும் பழைய பனியன் துணியில் செய்து தருவார்கள்.

இனி புதிதாக வாங்குவது. பெங்களூரில் சிவாஜிநகர், கமர்ஷியல் தெருப் பக்கம் சீருடை தைப்பவர்களிடம் விசாரிக்கலாம். கடைப் பெயரை நம்பாமல், மாதிரி ஒன்றை வாங்கி உடைத்துப் பார்க்கத் தயாராக இருங்கள். ஆர்டரில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மேல்வட்டத்தில் பூச்சுள்ள ஸ்பிரிங் கம்பி, கழற்றி மாட்டும்படி, பட்டைக்குள் பிளாஸ்டிக் தகடு, அட்டை வேண்டாம், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பீக், ஓரம் மடித்தது, உண்மையிலேயே தாடைக்கு இறங்கும் தாடைவார், கண் துளை பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு, அளவு 55-இலிருந்து 60 வரை, எலாஸ்டிக் இல்லாமல். துணிக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன்: பெங்களூரு வானிலைக்கு டெரிகாட்டன் போதும், கம்பளி கலந்த துணி எடுப்பாக இருந்தாலும் வெயிலில் நிற்பவருக்குப் பாரம். ஒன்றே ஒன்று, சட்டையும் தொப்பியும் ஒரே தானில் வெட்டச் சொல்லுங்கள். வேறு தானில் எடுத்தால் தொப்பி மட்டும் வேறு நிறமாக நிற்கும். மாதிரியைச் சோதிக்க, மேல்வட்டத்தை இரண்டாக மடித்து விடுங்கள், சட்டென்று விரிய வேண்டும். பீக்கைக் கட்டை விரலால் அழுத்தினால் வளைந்து திரும்ப வேண்டும், வெடிப்புச் சத்தம் கேட்டால் வேண்டாம். பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி, நிழலில் ஒரு நாள் காயவைத்து, வடிவம் அப்படியே இருக்கிறதா, சாயம் இறங்கியதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் பெரும்பாலான மலிவுத் தொப்பிகள் தோற்றுவிடும். விலை இரண்டு மடங்கு ஆகலாம். வருடத்துக்கு மூன்று முறை வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறமும் சின்னமும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான். தொப்பி என்பது தூரத்திலிருந்தே 'இவர் யார்' என்று சொல்லும் பொருள். புதுச்சேரிக் காவலரைச் சிவப்புக் கேப்பியை (தட்டை உச்சியும் குட்டை பீக்கும் உள்ள உருளைத் தொப்பி) வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். ராணுவத்தில் ரெஜிமென்டுக்கு ஒரு தொப்பி என்ற வேறுபாடு அவ்வளவு அழுத்தமானது. அதனால்தான் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியர் பதவியிலிருந்து மேலே உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி தொப்பி என்று தனியாக முடிவெடுக்க வேண்டி வந்தது. ராணுவத்தில் கர்னலும் அதற்கு மேலும் உள்ளவர்களின் அடையாளம் சிவப்புப் பட்டை. உங்கள் தொப்பிகளில் காக்கி, சிவப்புப் பட்டை, நடுவில் மூன்று சிங்கச் சின்னம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. தயாரித்தவர் கையில் இருந்த பேட்ஜைப் போட்டு அனுப்பியிருப்பார்.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, தனியார் காவலர் முப்படைகள், மற்ற ஆயுதப் படைகள், போலீஸ் ஆகியவற்றின் சீருடையையோ, அதன் தோற்றம் கொண்ட அல்லது அதன் தனி அடையாளங்களைத் தாங்கிய உடையையோ அணிந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை நிறுவன உரிமையாளருக்கு மட்டும் கிடையாது, அணிந்திருக்கும் காவலருக்கும்தான். சங்கம் தேர்ந்தெடுத்த தொப்பிக்காக அந்தப் பையன் வழக்கில் நிற்க நேரலாம். சிங்கச் சின்னத்துக்கு 2005-ஆம் ஆண்டின் அரசுச் சின்ன முறையற்ற பயன்பாட்டுத் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்த பேட்ஜை இன்றே கழற்றிவிடுங்கள், இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். காக்கியும் சிவப்புப் பட்டையும் 'தோற்றம்' என்ற வரம்புக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதைச் சட்டம் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லவில்லை. அது பார்ப்பவர் முடிவைப் பொறுத்தது. அந்தச் சந்தேகத்தில் ஒரு காவலரை நிறுத்துவானேன்? 2025 அக்டோபரில் கர்நாடகக் காவல்துறையில் கான்ஸ்டபிள்களின் பழைய ஸ்லவுச் தொப்பியை (ஒரு பக்க விளிம்பை மேலே மடித்த தொப்பி) மாற்றிக் கருநீல பீக் கேப் கொடுத்துவிட்டதால், கருநீலமும் இனி உங்களுக்கு வேண்டாம். சாம்பல், பழுப்பு போன்ற நிறத்தில், நிறுவனத்தின் பெயர் எழுத்தாகப் படிக்கும்படி உள்ள பேட்ஜோடு எடுங்கள். தனியார் பாதுகாப்புச் சட்டத்தின் மாதிரி விதிகள் தொப்பியில் நிறுவன அடையாளம் இருக்கலாம் என்றுதான் சொல்கின்றன. அது பீக் கேப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆட்களில் சீக்கியர் இருந்தால் அதே நிறத்தில் தலைப்பாகையும் அதன்மேல் அதே பேட்ஜும்தான் முறை, படைகளிலும் அப்படித்தான்.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 14 பேருக்கும் பீக் கேப் வேண்டாம். ராணுவத்திலேயே யாரும் இதை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிவதில்லை. அன்றாட வேலைக்கு பெரே என்ற விளிம்பில்லாத வட்ட மென்தொப்பி, காட்டுக்கு மென்தொப்பி, ஆபத்துக்கு ஹெல்மெட் என்று வைத்துவிட்டு, விறைப்பான சீருடை நேரத்துக்குத்தான் பீக் கேப். 150, 200 கிராம் எடையும் அகன்ற மேல்வட்டமும் உள்ள பொருளை வைத்துக்கொண்டு பேஸ்மென்டில் குனிந்து கார் அடியில் பார்க்க முடியாது, மாடிப்படியில் ஓட முடியாது. பகலில் முதன்மை வாசலிலும் வரவேற்பிலும் நிற்கும் மூன்று நான்கு பேருக்கு மட்டும் இதைக் கொடுங்கள். அங்கே அது வெயிலிலிருந்து கண்ணைக் காக்கும், உள்ளே வருபவருக்கு யாரிடம் கேட்பது என்று காட்டும். ரோந்து, பேஸ்மென்ட், இரவு ஷிஃப்ட் எல்லாருக்கும் அதே நிறத்தில், பின்னால் பக்கிள் உள்ள சாதாரண கிரிக்கெட் தொப்பி மாதிரியான மென்தொப்பி போதும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கம்பளிக் குல்லாதான் சரி. மிடுக்குக் குறையும் என்று யாராவது சொன்னால், நாற்காலியில் கிடக்கும் பீக் கேப்பால் வாசலுக்கு எந்த மிடுக்கும் வரவில்லை என்பதைக் காட்டலாம்.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. தொப்பி கெட்டுப்போவது பெரும்பாலும் தலையில் இல்லாத நேரத்தில்தான்: பைக் கண்ணாடியில் மாட்டுவது, கேட் கம்பியில் குத்தி வைப்பது, ஸ்கூட்டர் டிக்கிக்குள் திணிப்பது. கண்ணாடியில் தொங்கும்போது எடை முழுக்க முட்டுத்தகட்டில் விழுகிறது. டிக்கியின் சூட்டில் பிளாஸ்டிக் பீக் நெளிகிறது. செக்யூரிட்டி அறையில் ஆளுக்கு ஒரு மர முளை, அகலமான உருண்டை நுனியோடு, பெயர் எழுதி அடித்துக் கொடுங்கள். மழைக்கு எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் உறை தொப்பி வாங்கும் இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். மே மாதத்து மாலை மழைக்கும் செப்டம்பர், அக்டோபருக்கும் அது கட்டாயம். உறை போட்டும் நனைந்தால் துண்டால் ஒற்றி எடுத்து, தலை அளவுக்கு ஒத்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பட்டை சுருங்கி அளவு குறையலாம். வாஷிங் மெஷின் பக்கமே போகக் கூடாது. காய்ந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, அழுக்கை மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பட்டையில் வெள்ளையாகப் பூக்கும் உப்புக் கோட்டுக்கும் அதே ஈரத் துணிதான். பீக்கைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் அன்றைக்குப் பளபளக்கும், பிறகு வெடிக்கும்.

பழைய தொப்பிகளில் சரிசெய்ய முடிந்தவற்றின் சிவப்புப் பட்டைமேல் வேறு நிறப் பட்டை தைத்துவிட்டால் தற்காலிகமாக ஓட்டலாம். கழிக்கும் இரண்டையும் குப்பையில் முழுசாகப் போடாதீர்கள். சின்னத்தை எடுத்து உங்கள் கையாலேயே உடைத்துவிட்டு, கம்பி இருந்தால் உருவி நுனியை மடித்து, துணியைக் குறுக்கே வெட்டிப் போடுங்கள். தாடைவாரும் பக்கப் பொத்தான்களும் நன்றாக இருந்தால் எடுத்து வையுங்கள், புதுத் தொப்பியில் முதலில் தொலைவது அந்தப் பொத்தான்கள்தான்.